எதிர்வீட்டில் வைத்த பயணம்

செக்கடித் தெருவுக்கு அன்றைக்குத் தண்ணீர் லாரி வர வேண்டிய முறை. லாரி வரவில்லை, கடல் வந்தது. முந்தின நாளே வரிசை போட்டு வைத்த குடங்களெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, பேச்சித்தாய் வீட்டுப் பின்கட்டில், மாவாட்டுகிற கிரைண்டருக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் அப்பால், நேற்றுவரை முருங்கை மரமும் அதன் கம்பளிப்பூச்சிகளும் இருந்த இடத்தில், பச்சையும் நீலமுமாக ஒரு கடல் கிடந்து, அவசரமே இல்லாமல் வருவதும் போவதுமாக இருந்தது. பேச்சித்தாய் அலறவில்லை. முகம் கழுவ ஒரு கை அள்ளினாள், உப்புக் கரித்தது, துப்பினாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"உலகு மதினி, ஒங்க பை வேலையைக் காட்டிருச்சு. வந்து என்னன்னு கேளுங்க."

எதிர்வீட்டு உலகம்மாள் வாசலுக்கு வந்தாள், ஆனால் தெருவைத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் புருஷன் சிவனுபாண்டியின் வாக்குச் சுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிவனுபாண்டி தையல்காரர். கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் மட்டுமில்லை, சுற்றுவட்டாரம் முழுக்கவே அவர் தையலுக்கு ஈடு கிடையாது. அவர் சொல்கிற தேதிக்கும் ஈடு கிடையாது. தீபாவளிக்குக் கொடுத்த சட்டைத்துணி பொங்கலுக்கு வரும். கல்யாணத்துக்கு அளவு கொடுத்த ஜாக்கெட்டை ஒருத்தி வளைகாப்புக்குத்தான் வாங்கினாள், போட முடிந்ததா என்று கேட்கக் கூடாது. "நாளைக்கு வாங்க" என்று அவர் சொல்லும்போது அதில் துளிக்கூடப் பொய் இருக்காது, சொல்கிற அந்த நிமிஷத்தில் அவரே அதை நம்பித்தான் சொல்வார், அதனால் யாராலும் அவரோடு சண்டை போட முடிந்ததில்லை.

கல்யாணமான புதிதில் அவர் தன் வெட்டு மேசையின் மேல், துணியில் கோடு போடுகிற சாக்கட்டியாலேயே ஒரு சாலை வரைந்தார். வீட்டிலிருந்து மொபெட்டில் கிளம்பித் தூத்துக்குடியில் கடலைப் பிடித்து, கடலை விடாமல் மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி என்று இறங்கி, முனையைச் சுற்றிக்கொண்டு மேற்கே ஏறி, வர்க்கலையில் செம்பாறைக்குக் கீழே மணலில் கால் நனைத்து, கொல்லத்துக்குப் பக்கத்தில் மன்றோ தீவில் வாய்க்கால் வாய்க்காலாகத் தோணியில் சுற்றி, தென்மலைக் காட்டுக்குள் புகுந்து மழையில் நனைந்து, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு இறங்கி வீடு வந்து சேருவது. கழுத்து வளைவு வெட்டிப் பழகிய கை, குமரி முனையை ஒரே இழுப்பில் போட்டுவிடும். அதற்கப்புறம் ஏதாவது துணி வெட்ட வரும், கடற்கரை மேல் துணி விரியும், வெட்டி எடுத்தால் பாதிச் சாலை அழிந்திருக்கும், மறுபடி வரைவார், வரையும்போது முன்னதைவிட நல்லதாக ஒரு யோசனை வரும், அந்த யோசனைக்கு ஏற்ப மற்றதையெல்லாம் மாற்ற வேண்டும், அதற்குள் அடுத்த துணி வந்துவிடும். இப்படியே அவர்களுக்குப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, படித்து, திருப்பூருக்கு வேலைக்கும் போய்விட்டான். சாலை மேசையிலேயே இருந்தது.

உலகம்மாள் அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுப்பாள், ஊக்கு வைப்பாள், தலைநிமிராமல் அவர் யோசனைகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அவசரம் இருந்ததில்லை. கடல் எங்கேயும் ஓடிவிடாது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தூத்துக்குடி, அவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தானோ என்னவோ போகாமலே இருந்தார்கள். ஆனால் போன வருஷம் அவள் இரண்டு முறை நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டாள். இடது பக்கமிருந்து வந்த கீரைக்காரி திடீரென்று கண்முன் முளைத்தது போல இருந்தது. மதுரையில் கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப்போய் ஓரப்பார்வை பட்டுவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டு இழுத்துப் பிடிக்கலாம், எவ்வளவு காலம் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். இப்போது அவளுக்கு நேரே இருப்பது மட்டும் தெரிந்தது, ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற பஸ்ஸிலேயே உலகம்மாள் சொல்லிவிட்டாள்.

"இனிமே தள்ளிப்போட வேண்டாங்க. கண்ணு இருக்கும்போதே அந்தக் கடலையும் காட்டையும் பாத்துருவோம்."

"நாளைக்கே கிளம்பிருவோம்" என்றார் சிவனுபாண்டி.

அந்த 'நாளைக்கு' வைகாசிக் கடைசியில்தான் வந்தது. காலண்டரைப் புரட்டி அவளே நல்ல நேரம் குறித்தாள். ஆனால் அது பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், யூனிஃபார்ம் துணி உத்தரம் வரைக்கும் குவிந்து கிடந்தது, இதை முடிக்காமல் எப்படிக் கிளம்புவது என்றார் அவர். அதற்கும் ஊரில் வழி இருந்தது. நல்ல நேரம் வந்து ஆள் கிளம்ப வசதிப்படாவிட்டால், பையை மட்டும் அந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பை வாசலைத் தாண்டியதுமே பயணம் தொடங்கியதாகக் கணக்கு, ஓரிரு நாளில் ஆள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு அப்படியே நடையைக் கட்ட வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு: பைக்குரியவர்கள் அந்த வீட்டுக்குள் சும்மா போய்வரக் கூடாது. போய்த் திரும்பினால் பயணம் போய்த் திரும்பியதாக ஆகி, எல்லாம் அதோடு முடிந்துவிடும். மிச்சத் துணிகளில் தைத்த அந்தப் பட்டைப் பட்டையான பையை உலகம்மாள் எதிர்வீட்டு வாசலில் நின்று பேச்சித்தாய் கையில் கொடுத்தாள். பேச்சித்தாய் அதைக் கிரைண்டர் பக்கத்தில் வைத்தாள். ஓரிரு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று, சிவனுபாண்டி பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே இருந்தார். பயணம் பாவம் எத்தனை நாள்தான் கிரைண்டர் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கும்? தொடங்கிய பயணம் நடந்துதானே ஆக வேண்டும். ஆட்கள் வராததால் அது இருந்த இடத்திலேயே நடக்க ஆரம்பித்தது.

செக்கடித் தெரு கடலை ஏற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், ஏதோ பல வருஷமாக விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்கள் மாதிரி இருந்தது. முதல் நாள் எட்டிப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் குளித்தார்கள், மூன்றாம் நாள் பேச்சித்தாய் வீட்டு நடையில் செருப்பை எங்கே விடுவது என்பதில் சண்டை வந்தது. இட்லி மாவு வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தோடு துண்டும் கொண்டுவந்தார்கள். திதி கொடுப்பதற்குத் திருச்செந்தூர் வரை போகிறவர்கள் பஸ் செலவு மிச்சம் என்று அமாவாசைக்குப் பின்கட்டிலேயே முழுக்குப் போட்டு எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். வேட்டி காயப் போடுகிற கொடியில் கருவாடு காய்ந்தது. காற்றில் உப்பு ஏறித் தெருவில் எல்லார் வீட்டுத் தாழ்ப்பாளும் துருப்பிடித்தது. பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒருவர் நாடா பிடித்து அளந்து பார்த்துவிட்டு, கடல் பட்டாவில் உள்ள அளவுக்குள்தான் இருக்கிறது, பக்கத்து மனையை ஆக்கிரமிக்கவில்லை, ஆகவே ஆட்சேபணை இல்லை என்று சொல்லி ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போனார். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து விற்கிற மரியபுஷ்பம் கூடையோடு உள்ளே போய், இடுப்பில் கைவைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது எங்கூருக் கடலுல்லா. இதத் தூக்கிட்டு வந்துட்டு எங்கிட்டயே மீன் வாங்குதியளாக்கும்" என்றாள். மறுநாளிலிருந்து அவள் வெறுங்கூடையோடு வந்து, அங்கேயே பிடித்து அங்கேயே விற்றாள். விலையை மட்டும் குறைக்கவில்லை.

பேச்சித்தாய்க்குத்தான் பாடு. உப்புக் காற்றில் மாவு புளிக்க மறுத்தது. மில்லில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் அவள் புருஷன் குருசாமி, அலைச் சத்தத்தில் தூக்கம் போய் வேலையில் தூங்கினார். ஆனாலும் அவள் பையைத் தூக்கி வெளியே வைக்கவில்லை. ஒருத்தி நம்பி வைத்த பயணம், அதை எப்படி எடுத்துத் தெருவில் போடுவது என்று கேட்டாள். வந்தவர்களுக்குச் சுக்குக்காப்பி போட்டு விற்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

எதிர்வீட்டுக் கடல் மேசை மேல் இருந்த சாலையின்படிதான் ஊர் ஊராக நகர்கிறது என்பது ஒரு பாவாடையால் தெரிந்தது. அவசரத்துக்கு ஆறாம் வகுப்புப் பாவாடை ஒன்றை சிவனுபாண்டி வெட்டி எடுக்க, கன்னியாகுமரி அழிந்துபோயிற்று. அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக் கடல் உவரியிலிருந்து நேரே வர்க்கலைக்குத் தாவியது. சூரியன் கடலில் எழுந்து கடலிலேயே விழுவதை ஒரே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று லீவு போட்டிருந்த குருசாமி, தெருவைத் தாண்டி வந்து மேசையைப் பார்த்தார், சிவனுபாண்டியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, முனையைக் காணோமே" என்றார்.

சிவனுபாண்டி சாக்கட்டியை எடுத்து ஒரே இழுப்பில் போட்டார். எதிர்வீட்டிலிருந்து அலைச் சத்தம் மூன்று பக்கமும் கேட்டது.

அதற்கப்புறம் தையல் கடையில் கூட்டம். ஆனால் யாரும் துணிக்கு வரவில்லை. "எம்மக கொலுசு மணல்ல விழுந்திருச்சு, தேடி எடுக்கிற மட்டும் கடலை நகத்தாதீக" என்று ஒருத்தி வந்தாள். கல்யாணத்துக்கு வருகிற சம்பந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும், தீவை முகூர்த்தத்தன்று வருகிற மாதிரி வைக்க முடியுமா என்று ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்தார். சிவனுபாண்டி கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டார். இத்தனை வருஷம் அவர் வரைந்ததை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ஊரே அவர் கைச் சாக்கட்டியைப் பார்த்தது. அவர் முகம் வீங்கினது போல் மலர்ந்திருந்தது. "நாளைக்குப் பாப்போம்" என்று எல்லாருக்கும் சொன்னார், அதிசயமாக, சொன்னபடி செய்தும் கொடுத்தார்.

உலகம்மாள் வாசலில் உட்கார்ந்து பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டிலிருந்து ஈரத்தலையோடு வெளியே வருகிற ஒவ்வொருவரும் அவளிடம் ஒரு நிமிஷம் நின்று, கண்ணு சரியில்லாத மனுஷி, பாவம், உள்ளேயும் போகக் கூடாது என்று இரக்கப்பட்டு, பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தி கடல் நீலம் என்றாள், அடுத்தவள் பச்சை என்றாள், மூன்றாமவள் இரண்டுமில்லை, ஈயம் பூசின பாத்திரம் மாதிரி என்றாள். மன்றோ தீவு வந்தபோது பேச்சித்தாய் வீட்டு நடுக்கூடம் வரை வாய்க்கால் ஓடி, லுங்கி கட்டிய ஒரு மலையாளத் தோணிக்காரர் கட்டில்களுக்கு நடுவே தோணியை நிறுத்தி, "உலகம்மாள், சிவனுபாண்டி, ரண்டு பேர் உண்டோ?" என்று பெயர் சொல்லிக் கேட்டாராம். ஆள் இல்லையென்று தெரிந்ததும் அவர்களுக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டாராம். இதைக் கேட்டதும் உலகம்மாளின் கையில் ஊசி ஏறிவிட்டது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமைப்படுவது வெட்கமாகவும் இருந்தது. தன் கண்ணுக்காகக் குறித்த பயணத்தைத் தெருவில் தன்னைத் தவிர அத்தனை கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதற்குத் தன் புருஷனே டிக்கெட் கிழித்துக் கொடுக்காத குறையாக நின்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழுதாள்.

தீவுக்கு அப்புறம் காடு வந்தது. செக்கடித் தெருவில் புழுதி பறக்கிற வெயில், பேச்சித்தாய் வீட்டுக்குள் மட்டும் மழை. குருசாமி குடை பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்து, வாசலில் குடையை மடக்கி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மாவு வாங்கப் போனவர்கள் கணுக்காலில் அட்டையோடு திரும்பி, அதற்காகவே மடியில் உப்புப் பொட்டலம் முடிந்து வைத்துக்கொண்டார்கள். சுவரிலிருந்து பிரம்புக் கொடிகள் இறங்கின, உத்தரத்தில் மலையணில் ஓடியது, கறுப்பு முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி வைத்த குரங்குகள் அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போயின, ரேஷன் கடையில் காத்திருந்தவர்கள் சும்மா குளுமைக்காக வந்து கூடத்தில் நின்றுவிட்டுப் போனார்கள். ஆனால் காடு வந்ததிலிருந்து பை இருந்த இடத்தில் இல்லை. கிரைண்டர் பக்கமிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து கூடத்துக்கும் அது நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. ஒரு காலையில் பேச்சித்தாய் அதை வாசல்படிக்கு உட்புறம் கண்டு, தெருவைத் தாண்டி ஓடி வந்தாள்.

"மதினி, பை நடைக்கு வந்திருச்சு. ஆரியங்காவும் தாண்டியாச்சு போலுக்கு. இது படி தாண்டி வெளியே விழுந்துருச்சுன்னா ஒங்க பயணம் முடிஞ்சதாக் கணக்கு. அப்புறம் நல்ல நேரமும் கெடையாது, கடலும் கெடையாது. எப்பக் கிளம்பப் போறீக?"

பின்னாலேயே கொலுசுக்காரி வந்தாள், கல்யாண வீட்டுக்காரர் வந்தார், இன்னும் நாலு பேர் வந்தார்கள். அண்ணாச்சி மனசு வைத்தால் சாலையை நீட்டிவிடலாமே, கொல்லத்திலிருந்து ஆலப்புழை, கொச்சி, கோவா என்று மேலே இழுத்துக்கொண்டே போனால் கடல் வந்துகொண்டேயிருக்குமே, அவசரம் என்ன இருக்கிறது என்றார்கள். சிவனுபாண்டி சாக்கட்டியை எடுத்துவிட்டார். அவர் கை கொல்லத்தின் மேல் போய் நின்றபோது, அந்தக் கையை உலகம்மாள் பிடித்தாள். வந்தவர்களை அவள் ஒரு பார்வை பார்த்தாள். ஓரம் தெரியாத பார்வை என்றாலும் நேரே பட்டால் சுடும் போலிருக்கிறது, எல்லாரும் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

"ஏங்க, நெசத்தைச் சொல்லுங்க. எதுக்கு இப்படி இழுத்துக்கிட்டே போறீக? தையல் வேலைன்னு சொல்லாதீக, துணி தொட்டு மாசமாச்சு."

சிவனுபாண்டி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலுக்கு இப்பப் போக முடியாது உலகு" என்றார். "பயணம் இப்பக் கடைசியில, காட்டுல வந்து நிக்கி. இப்ப உள்ள போனா தலைகீழாத்தான் போகணும். காட்டுலேருந்து தீவு, தீவுலேருந்து குமரி, குமரியிலேருந்து தூத்துக்குடி. அப்படிப் போனா கடல் வலது பக்கம் வரும். நீ வண்டியில எடது பக்கம் பாத்துல்ல ஒக்காருவ. மொதல்லேருந்தே நான் தூத்துக்குடியில ஏன் தொடங்குனேன்? அந்த வழியா சுத்துனாத்தான் கடைசி வரைக்கும் கடல் ஒன் மடிக்கு நேரா வரும். எத்தனை தடவை அழிச்சு வரைஞ்சாலும் அதை மட்டும் நான் மாத்தல. இப்பப் போனா கடலு ஒன் முதுகுக்குப் பின்னால போயிரும்."

உலகம்மாளுக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு, சாலை ஏன் அந்தப் பக்கமாகவே சுற்றுகிறது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. மனசு இளகிவிட்டது. இளகினாலும் கையை விடவில்லை.

"அது சரி. அது மட்டுந்தானா?"

அவர் சாக்கட்டியை மேசையில் வைத்தார். "திட்டம் மேசை மேல இருக்கிற வரைக்கும் நீ பாக்க வேண்டியது பாக்கி இருக்கு. பாக்க வேண்டியது பாக்கி இருக்கிற கண்ணை எவன் வந்து எடுத்துருவான்னு நெனச்சேன். போயிப் பாத்து முடிச்சுட்டா, அப்புறம் அந்தக் கண்ணு எதுக்காக நிக்கும்? அதான் பயமா இருக்கு" என்றார்.

"ஒங்க நெனப்பு நல்ல நெனப்புதாங்க. ஆனா எங்கண்ணு ஒங்க மேசையைப் பாத்துட்டு நிக்கல. போன மாசம் தெருமுக்கு வேப்பமரம் ஓரமாத் தெரிஞ்சுது, இந்த மாசம் இல்ல. தைக்கக் குடுத்த துணின்னா குடுத்த எடத்துல கெடக்கும், நாளைக்கு வாங்கன்னு சொல்லலாம். கண்ணு அப்படிக் கெடக்காது." அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் சொருகினாள். "வண்டியை எடுங்க. கடலு முதுகுக்குப் பின்னால போனா நான் திரும்பிக்கிறேன்."

அவர் மொபெட்டை வெளியே எடுத்தார். உலகம்மாள் சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் அவள் வயசில் செய்யாத காரியமாக, இரண்டு பக்கமும் கால் போட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்காரர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். பேச்சித்தாய் அவரைப் பிடித்து ஓரமாக நகர்த்தி, வாசல்படியில் சாய்வாகப் பலகை போட்டு, தூக்குவாளியில் புளிச்சோறும் துவையலும் வைத்து ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

"மாவுச் சட்டிய இடிச்சிராம வளைச்சுப் போங்க அண்ணே" என்றாள். "பையை எடுத்துக்கோங்க மதினி. திரும்பி இந்த வழியா வராதீக. பஸ் ரோட்டுப் பக்கமா வாங்க, அப்பத்தான் போயிட்டு வந்ததா இருக்கும்."

மொபெட்டு பலகையில் ஏறிப் படி தாண்டியதும் உலகம்மாள் குனிந்து பையை எடுத்தாள். அது மழையில் ஊறிக் கனத்தது. மொபெட்டு கூடத்தைக் கடந்து, மாவுச் சட்டியை வளைத்து, ஈர இலைகளுக்குள் புகுந்தது. முதுகுக்குப் பின்னால் தெருச் சத்தம் கொஞ்ச தூரம் கூட வந்து நின்றுபோனது. அப்புறம் கேள்விப்பட்டது, அவர்கள் கடந்துபோகப் போக வீடு பின்னாலேயே வீடாகிக்கொண்டு வந்ததாம். சாயங்காலம் முருங்கை மரம் திரும்பிவிட்டதாம். கொலுசு அதன் அடியிலேயே கிடந்ததாம்.

காட்டுக்குள் பகலிலும் இருட்டு. சில்வண்டு காதைத் துளைத்தது, மழை இலையிலிருந்து இலைக்கு இறங்கிக் கடைசியில்தான் மேலே விழுந்தது. உலகம்மாளுக்கு அவர் தோளுக்கு மேலே சாலை மட்டும் தெரிந்தது, கறுத்த, நனைந்த, ஒரு முழம் அகலச் சாலை. ஓரத்தில் இருப்பதை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். இடது பக்கம் அருவி, வலது பக்கம் யானைக் கூட்டம், அதுக்கும் அந்தப் பக்கம் மயில் என்று அடுக்கினார். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பாத்துச் சொல்றீகளா, நெனச்சுச் சொல்றீகளா?"

அவர் வண்டியை மெதுவாக்கி, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "எடது பக்கம் பாசி படிஞ்ச ஒரு மைல்கல்லு" என்றார். "அதுக்கு மேல ஒரு தவளை. வலது பக்கம் ஒண்ணுமில்ல, பள்ளம். பள்ளத்துல மேகம் நிக்கி." உலகம்மாள் வலது பக்கம் முழுசாகக் கழுத்தைத் திருப்பினாள். மேகம் நின்றது. அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

இப்படித்தான் அவர்கள் போனார்கள். அவர் ஓரத்தைச் சொல்ல, அவள் எது வேண்டுமோ அதற்குத் திரும்பிக்கொள்ள, மழை நின்று, சாலை இறங்கி, இறங்கின இடத்தில் தென்னை தொடங்கி, தென்னைக்கு நடுவே வாய்க்கால் தொடங்கி, வாய்க்காலில் அந்தத் தோணிக்காரர் இன்னும் காத்திருந்து, "எத்ர தாமசிச்சு" என்று தாமதத்துக்கு அலுத்துக்கொண்டே மொபெட்டையும் சேர்த்து ஏற்றிக்கொண்டார். பாலங்களுக்கடியில் குனிந்து குனிந்து போனார்கள். ஒரு தீவில் பள்ளிக்கூடம் விட்டது, பிள்ளைகள் தோணிக்குத் தோணி தாவி வீட்டுக்குப் போனார்கள். வர்க்கலையில் செம்பாறையின் அடியில் புளிச்சோற்றைத் தின்றார்கள், குமரியில் சூரியன் விழுவதையும் எழுவதையும் பார்த்தார்கள், உவரியில் வலை உலர்த்துகிறவர்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். எங்கே எவ்வளவு நேரம் என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சாக்கட்டி மேசையிலேயே கிடந்தது.

மணப்பாட்டில், மேட்டின் மேல் இருக்கும் சிலுவைக் கோயிலுக்குக் கீழே, மணல் வளைந்து கடலுக்குள் போகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். சாயங்கால வெயில். உலகம்மாள் மணலில் உட்கார்ந்து, கடலைத் துண்டு துண்டாகப் பார்த்தாள். ஒரு துண்டில் ஒரு படகு. அடுத்த துண்டில் வெறும் தண்ணீர். அடுத்ததிலும் வெறும் தண்ணீர். நீலம் என்றவளும் பச்சை என்றவளும் பொய் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் குந்தி, வலது பக்கம் இரண்டு பேர் நண்டு பிடிக்கிறார்கள், இடது பக்கம் ஒரு நாய் அலையைப் பார்த்துக் குரைக்கிறது என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். உலகம்மாள் கண்ணை மூடியிருந்தாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏ உலகு. என்ன செய்யிது? கண்ணைத் தெற."

"ஒண்ணும் செய்யல" என்றாள் அவள், மூடின கண்ணோடு. "நானாத்தான் மூடுனேன். மூடுனா என்ன ஆகுதுன்னு பாக்கேன்."

"என்ன ஆகுது?"

அலை வந்தது, மணலில் ஏறிற்று, அவள் கால் வரைக்கும் வந்து சிலுசிலுவென்று திரும்பிப் போயிற்று. இன்னொன்று வந்தது.

"கடலு போகலைங்க" என்றாள். "அங்கனயேதான் இருக்கு. நீங்களும் மூடிப் பாருங்க."

சிவனுபாண்டி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, நாளைக்கு என்று சொல்லாமல், கண்ணை மூடினார்.